கம்பி கையில்தான் இருந்தது

சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் செய்தியைத் தேடிப் போக வேண்டியதில்லை. சாரல், அருவியில் வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை, தடை நீக்கம், வாகன நெரிசல். பகுதிநேர நிருபராகப் பல வருடமாக இவற்றையே எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். போன வருடச் செய்தியில் கிழமையை மட்டும் மாற்றினால் போதும் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன். வண்டி உரசியதில் தகராறு என்பதும் அந்த வரிசையில் ஒன்று. சட்டையைப் பிடிப்பார்கள், ஏசிக்கொள்வார்கள், பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிப்பான், போய்விடுவார்கள். யாரும் சாகாதவரை அது செய்தி இல்லை.

அன்று மெயின் அருவியில் காலையிலேயே குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். இலஞ்சியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் கார்கள் மேலேயும் போக முடியாமல் திரும்பவும் முடியாமல் நின்றன. வடகரையிலிருந்து தேங்காய் ஏற்றிவந்த ஒரு குட்டியானையும் நின்றது. சிறிய லோடு வண்டியை இங்கே அப்படித்தான் சொல்கிறோம். பின்னால் சிவகிரிக்காரர்கள் இரண்டு பேர் வந்த கார். அது ஒதுங்கி முன்னால் ஏறப் பார்த்ததில் குட்டியானையின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தது. வாய்ப்பேச்சு முற்றி, காரை ஓட்டிவந்தவரின் தலையில் இரும்புக் கம்பியால் ஓர் அடி விழுந்தது. ஒரே அடி. மறுநாள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். கல்யாண வீடுகளுக்குப் பந்தல் போடுகிறவர். வயது முப்பதுக்குள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். குட்டியானையும் இல்லை. கண்ணாடிச் சில்லும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. சாலையோர ஓடையில் உரிக்காத தேங்காய்கள் உருண்டு கிடந்தன. நெரிசலில் நின்ற கார்களிலிருந்து இறங்கி, ஆளுக்கு இரண்டாகப் பொறுக்கிக் கால்மாட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நின்ற இடத்திலிருந்து ரத்தம் எட்டிப் பார்க்கிற தூரத்தில்தான் இருந்தது. வழக்கமான வாக்கியங்களில் செய்தியைக் கட்டி அனுப்பினேன்.

அடித்தவர் யார் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. எதிர்வீட்டு ஏட்டையாவின் தம்பி.

ஏட்டையா தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குடும்பத்தில் பாதிப் பேர் போலீஸ், மீதிப் பேர் பட்டாளம். தம்பி ஒருவன்தான் உயரத் தேர்வில் தள்ளப்பட்டு லோடு வண்டிக்கு வந்தவன். நானும் ஏட்டையாவும் காலையில் இலஞ்சி முக்கில் ஒரே கடையில் டீ குடிப்பவர்கள். தம்பியை வக்கீல் மூலம் கோர்ட்டில் சரணடைய வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து அவர் கடைக்கு வந்தார்.

"என்னவே, கொலைன்னு தலைப்புப் போட்டுட்டீரு?"

"போலீஸ் போட்ட செக்‌ஷன் அதானே ஏட்டையா."

"போலீஸ் ஆயிரம் போடும். முப்பது வருசமா நானும் போட்டவந்தான்வே. நிக்குமாங்கதுதான் கேள்வி."

டீக்கடைக்காரர் கேட்காமலேயே அவருக்குச் சர்க்கரை கூட்டிப் போட்டுக் கொடுத்தார். ஏட்டையா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் கேட்டுக்கொண்டதால் தென்காசியில் வக்கீலம்மாவைப் பார்க்க நானும் கூடப் போனேன். நாற்பது வயதுக்காரர். நிதானமாகப் பேசுகிறவர். கோர்ட் செய்தி எழுதுகிற எனக்கும் அவர் சொன்ன பிறகுதான் விஷயம் துலக்கமாகப் புரிந்தது. கொன்றவர் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் கொலைகாரர் அல்லர். முன்கூட்டித் திட்டமில்லாமல், திடீர்ச் சண்டையில், ஆத்திரத்தில் அடித்து ஆள் செத்தால் குற்றம் ஒரு படி இறங்கும். ஆயுள் தண்டனை சில வருடச் சிறையாகக் குறையும்.

"உங்க தம்பி எங்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா சார்? கயிறு தளர்ந்து காய் விழுதுன்னு இறங்கி, கம்பியப் போட்டுக் கயித்த முறுக்கிட்டு இருந்திருக்கார். அப்பத்தான் கார் வந்து இடிச்சிருக்கு. செத்தவர் முதல்ல கன்னத்துல அறைஞ்சிருக்கார். கையில இருந்த கம்பியால இவர் ஒரே அடி. இத அப்படியே சொன்னா முந்நூத்திரண்டு நிக்காது."

புதிய சட்டத்தில் கொலைக்கு எண் மாறிவிட்டது. எங்கள் கோர்ட் வளாகத்தில் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

"ஆனா அந்தப் பக்கத்துச் சாட்சி, வண்டிக்குத் திரும்பிப் போய்க் கம்பிய எடுத்துட்டு வந்தார்னு சொல்றான். அது நின்னுட்டா கஷ்டம். போய் எடுத்துட்டு வர்ற நேரத்துல கோபம் ஆறியிருக்கணுமே, அப்ப வேணும்னேதானே அடிச்சேன்னு கேப்பாங்க."

ஏட்டையா சிரித்தார். "கம்பி கையில இருந்திச்சுன்னு சொன்னா, கை அங்கன இருந்திச்சுன்னு ஆயிருமே வக்கீலம்மா."

"இருந்துச்சே சார்."

"யாரு பாத்தா?"

அவருடைய கணக்கு இது. பணிக்காலத்தில் எத்தனையோ சாட்சிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர். குற்றாலத்தில் நடக்கிற எந்தக் குற்றத்துக்கும் பார்த்தவர்கள் வெளியூர்க்காரர்கள். கேரளா, மதுரை, விருதுநகர். குளித்துத் துவட்டிக்கொண்டு போனவன், வருடம் கழித்துச் சம்மன் வந்ததென்று தலையை நீட்ட மாட்டான். அப்படிக் கட்டிய வழக்குகள் ஒவ்வொன்றாக உதிர்ந்ததை இவர் கோர்ட் வராந்தாவில் நின்று பார்த்திருக்கிறார். அப்போது அது அவருக்குத் தோல்வி. இப்போது அதுவே பிடிமானம். தம்பி அங்கே இல்லவே இல்லை, நெரிசலில் வண்டியை விட்டுவிட்டு அருவியில் குளிக்கப் போயிருந்தான், அவன் இல்லாத நேரத்தில் எவனோ கம்பியை எடுத்து எவனையோ அடித்திருக்கிறான். முழுதாக மறுத்துவிட வேண்டும். பாதி ஒத்துக்கொள்கிறவன்தான் உள்ளே போகிறான் என்பதை வேதம் மாதிரி நம்பினார்.

மறுநாள் டீக்கடையில் நான் சொன்னேன். "ஏட்டையா, அன்னைக்குக் குளிக்கத் தடை. காலையிலேயே போட்டாச்சு."

டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"மத்தியானம் எடுத்துட்டானா?"

"இல்ல. மறுநாளும் தடைதான்."

டம்ளரை மறுபடி எடுத்துக் குடித்து முடித்தார். பிறகு, "செரி. அப்பம் குளிக்கல. வெள்ளத்த வேடிக்க பாக்கப் போனான்."

"பாத்தவன் யாரு?"

"அதத்தான்வே நானும் கேக்கேன். பாத்தவன் யாரு?"

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். ஏட்டையா அவரை ஒரு முறை முறைத்தார். சீருடை இல்லாவிட்டாலும் அந்தப் பார்வை போகவில்லை.

வழக்கு நடந்த விதத்தைச் சொல்வதற்கு அதிகமில்லை. வாய்தா, வாய்தா, வாய்தா. தம்பியின் மனைவி ஒவ்வொரு முறையும் வந்தாள். பீடி சுற்றுகிறவள். அன்றைய வேலை போய்விடும். வராந்தாவில் ஒரே ஒரு நீள பெஞ்சு. அதன் ஒரு கோடியில் இவர்கள், மறுகோடியில் சிவகிரியிலிருந்து வந்த, செத்தவரின் அப்பா. சாரல் உள்ளே அடிக்கும்போது கோடியில் உட்கார முடியாது. அப்போது எல்லோரும் நடுவில் நெருங்கி உட்கார வேண்டியிருக்கும். முதல் தடவை அப்படி நேர்ந்தபோது பெரியவர் எழுந்து நின்றுகொண்டார். பிறகு பிறகு எழவில்லை. காலும் ஓய்ந்திருக்கும்.

"விட்டுருவாங்களா அண்ணாச்சி?" என்று தம்பியின் மனைவி என்னிடம் கேட்பாள். பெரியவர் காதில் விழாதபடி கேட்பாள். எனக்குத் தெரியவில்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். அது பதிலாகாது என்பதுபோல் அடுத்த வாய்தாவிலும் கேட்பாள்.

ஏட்டையா கணக்குப் போட்டபடியேதான் பலதும் நடந்தது. நெரிசலில் நின்று பார்த்த வெளியூர்க்காரர்கள் யாரும் வரவில்லை. கம்பியைக் கைப்பற்றியபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், எதற்குக் கையெழுத்து வாங்கினார்கள் என்றே தெரியாது என்று கூண்டில் சொன்னார். அவரிடம் யார் போய்ப் பேசினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து, சம்பவ இடத்தில் கண்ணாடித் துண்டுகளும் தேங்காய்களும் சிதறிக் கிடந்தன என்று ஒப்பித்துவிட்டுப் போனார்.

காரில் கூட வந்த நண்பர் மட்டும் வந்தார். கருப்புச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, கைகளைக் கூண்டின் மேல் வைத்துக்கொண்டு சொன்னார். "கண்ணாடி உடஞ்சதும் சத்தம் போட்டாரு. வண்டிக்குத் திரும்பிப் போனாரு. உள்ள இருந்து கம்பிய எடுத்துட்டு வந்து அடிச்சாரு." செத்தவர் முதலில் அறைந்ததை அவர் சொல்லவில்லை. நண்பன் அல்லவா.

குறுக்கு விசாரணைக்கு வக்கீலம்மா எழுந்தார். கம்பி ஏற்கெனவே கையில் இருந்தது இல்லையா, உங்கள் நண்பர் முதலில் அறைந்தார் இல்லையா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்க முடியாது. அங்கே இல்லாத ஆளின் கையில் என்ன இருந்தது என்று எப்படிக் கேட்பது? அன்றைக்குக் குடித்திருந்தீர்களா, எவ்வளவு குடித்தீர்கள், மழையில் முகம் தெரிந்ததா என்று மட்டும் கேட்டார். நண்பர் தடுமாறினார். பின் பெஞ்சில் ஏட்டையாவுக்குத் திருப்தி. ஆனால் வண்டிக்குத் திரும்பிப் போய் எடுத்தார் என்ற வாக்கியம் யாரும் தொடாமல் அப்படியே பதிவில் நின்றது. ஆயுள் தண்டனைக்கு அந்த ஒரு வாக்கியமே போதும். வக்கீலம்மா வெளியே வந்து கோட்டைக் கழற்றி உதறினார். 

சாட்சிகள் முடிந்த பிறகு, குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி நேரடியாகக் கேட்கிற கட்டம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சாட்சியும் சொன்னதைப் படித்துக்காட்டி, இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்பார். சத்தியப்பிரமாணம் கிடையாது. நான் பார்த்த வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்: பொய். டைப்பிஸ்ட் அதை அடித்துக்கொண்டே போவார். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏட்டையா ஜெயிலில் போய்ப் பார்க்கும்போதெல்லாம் தம்பியை அதற்குப் பழக்கியிருந்தார். "என்ன கேட்டாலும் பொய்னு சொல்லுலே. வேற ஒரு வார்த்த வாயில வரக்கூடாது. கடைசியில அருவியப் பாக்கப் போனேன்னு சொல்லிட்டு நிறுத்திரு."

அன்று தம்பி வெள்ளை வேட்டியில் வந்திருந்தான். நீதிபதி படித்தார்.

"உங்கள் வண்டி அங்கே நின்றதாகச் சாட்சி."

"பொய்யா." பொய் ஐயா என்பது அப்படி வந்தது.

"கண்ணாடி உடைந்ததால் தகராறு செய்ததாகச் சாட்சி."

"பொய்யா."

"தகராறுக்கு நடுவில் நீங்கள் வண்டிக்குத் திரும்பிப் போய், உள்ளே வைத்திருந்த கம்பியை எடுத்துவந்து அடித்ததாகச் சாட்சி."

தம்பி வாயைத் திறந்தான். மூடினான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கணக்குத் தப்பாகச் சொல்கிறவனைத் திருத்துவதுபோல் சொன்னான்:

"எடுத்துட்டு வரலய்யா. கையிலதான் இருந்திச்சு. கயிறு முறுக்கிட்டு இருந்தேம்லா."

டைப்பிஸ்டின் விரல்கள் நின்றன. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் கையில்?"

"எங்கையிலதான்யா. கயிறு பாதி முறுக்குல நிக்கும்போது எவனும் கம்பிய உருவி உள்ள கொண்டு வைக்க மாட்டான். கயிறு விட்டுப்போவும். காய் பூரா ரோட்டுக்கு வந்துரும்."

பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. ஏட்டையா எழுந்துவிட்டார். கோர்ட் சிப்பந்தி அவரை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். தம்பி திரும்பி அண்ணனைப் பார்த்தான். என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கு எட்டியது என்று நினைக்கிறேன்.  ஆனால் திரும்ப எடுத்து விழுங்குகிற மாதிரியான சொல் இல்லை அது.

"மேலே ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று நீதிபதி கேட்டார். பதற்றமில்லாமல், மெதுவாகக் கேட்டார்.

"அவரு வந்து அறஞ்சாருய்யா. எங்க அம்மையச் சொல்லி ஏசினாரு. நான் அடிச்சேன். சாவாருன்னு நெனைக்கல."

சிவகிரிப் பெரியவர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் மகனை இவன் அடித்தான் என்று இவன் வாயாலேயே கேட்டது அவருக்கு அன்றுதான் முதல் தடவை.  பக்கத்தில் இருந்தவரிடம், "என்ன சொன்னான்? ஒத்துக்கிட்டானா?" என்று இரண்டு முறை கேட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் ஏட்டையா வெடித்தார். தம்பியைக் காவலர்கள் கூட்டிப் போய்விட்டதால் கிடைத்தவர் வக்கீலம்மா.

"வாயில வந்த வெல்லத்தத் துப்பிட்டாம்மா! ஒரு சாட்சி, அவனும் குடிகாரன். கம்பிச் சாட்சி போயாச்சு. விடுதலம்மா! சுத்த விடுதல! கம்பி உள்ள இருந்தா இவனுக்கென்ன, வெளிய இருந்தா இவனுக்கென்ன?"

"அந்த ஒரு சாட்சி போதும் சார். ஆயுள் வந்திருக்கும்."

"நீங்க பாத்தது எத்தன, நான் பாத்தது எத்தன!"

தம்பியின் மனைவி நடுவில் புகுந்தாள். அவள் ஏட்டையா முன்னால் குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. "சும்மா இருங்க மச்சான். சொல்லிட்டுப் போட்டும். ஒரு வருசமா அவுக சோத்த முழுங்கவே இல்ல."

"சோறு முழுங்குதுக்கா கேஸ் நடத்துதோம்?"

அவள் கீழே பார்த்துக்கொண்டு பையின் வாரை விரலில் சுற்றினாள்.

அதற்குப் பிறகு தம்பியின் தரப்பில் சாட்சி என்று யாரும் வரவில்லை. அருவிக்கரையில் தம்பியைப் பார்த்ததாகச் சொல்லத் தயாராக இருந்த ஒரு சித்தப்பா மகன் வீட்டுக்குத் திரும்பிப் போனான். வக்கீலம்மா கடைசி வாதத்தில் திடீர்ச் சண்டை, ஒரே அடி, கையில் இருந்த பொருள் என்று மூன்றையும் சொன்னார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

தீர்ப்பு நாளில் மழை இல்லை. கொலைக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றார் நீதிபதி. தேங்காய்கள் சாலையில் சிதறிக் கிடந்ததாக இன்ஸ்பெக்டரே சொல்லியிருக்கிறார், லோடு சரிந்து கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்ததாகக் குற்றவாளி சொல்வது அதனோடு பொருந்துகிறது, எனவே கம்பியைத் தேடி எடுத்துவந்ததாகக் கொள்ள முடியாது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். ஏழு வருடக் கடுங்காவல். ஓடையில் உருண்டு கிடந்த அந்தத் தேங்காய்களை நானும் பார்த்திருந்தேன். ஆளுக்கு இரண்டாகப் பொறுக்கிப் போனதில் மிச்சமானவை அவை.

ஏழு வருடம் என்றதும் தம்பியின் மனைவி என்னைப் பார்த்தாள். விட்டுவிட்டார்களா இல்லையா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆயுள் இல்லை, ஏழு என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். சிவகிரிப் பெரியவரும் என்னிடம் வந்து அதையே கேட்டார். அவரிடமும் ஏழு என்றேன். "ஏழுதானா" என்றார். அவள் அதை நிறைய என்றும் இவர் குறைவு என்றும் எடுத்துக்கொண்டார்கள். பெஞ்சு அன்று காலியாகக் கிடந்தது.

நான்கு பத்தியில் செய்தி அனுப்பினேன். இரண்டு பத்தி வந்தது.

ஏட்டையா சொன்னது சரியா, வக்கீலம்மா சொன்னது சரியா என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அவன் பொய் என்றே சொல்லி முடித்திருந்தால் விடுதலையும் ஆகியிருக்கலாம், ஆயுளும் விழுந்திருக்கலாம். இரண்டையும் நான் இதே கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். இப்போது அதை யோசிப்பதில்லை. அலுத்துவிட்டது.

ஏட்டையா டீக்கடைக்கு வருவதை நிறுத்தியிருந்தார். ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். "பாளையங்கோட்டை ஜெயிலுக்கு வாரீரா? அப்பீலுக்குக் கையெழுத்து வாங்கணும். ஒத்தையில போவ ஒரு மாதிரியா இருக்குவே." போனேன்.

மதுரை ஐகோர்ட்டில் அப்பீல் போடுவது, அதில் தம்பி கோர்ட்டில் சொன்னதை ஒதுக்கிவிடச் சொல்வது, மறுபடியும் அவன் அங்கே இல்லவே இல்லை என்று நிற்பது. இதுதான் அவர் திட்டம். பஸ்ஸில் போகும்போது முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். ஆலங்குளத்தில் ஒருமுறை பேச்சை நிறுத்தி, "அவன் பயத்துல உளறிட்டாம்னு போடலாம்லா?" என்று கேட்டார். போடலாம் என்றேன்.

சிறையில் பார்வையாளர் இடத்தில் வலைக்கு அந்தப் பக்கம் தம்பி நின்றான். மெலிந்திருந்தான். ஆனால் கண் தெளிவாக இருந்தது. ஏட்டையா திட்டத்தைச் சொன்னார். பக்கத்தில் எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்ததால் அவரும் சத்தமாகச் சொன்னார். தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"அப்பீல் போடுண்ணே. வருசத்தக் கொறைக்கச் சொல்லிப் போடு. கையெழுத்துப் போடுதேன்."

"அதத்தான்லே சொல்லுதேன்."

"அங்கன இல்லன்னு மட்டும் எழுதாதிங்க. அப்பிடின்னா போட மாட்டேன்."

"கிறுக்குப்பயலே, வெளிய வரணுமா வேண்டாமா?"

"வரணும்ணே. வந்தா அந்த ரோட்டுலதான வண்டி ஓட்டணும். அங்கன ரோட்டோரம் கடை போட்டிருக்க பயலுவ பூரா நம்ம ஊர்க்காரன். எல்லாவனுக்கும் தெரியும் நான் நின்னது."

ஏட்டையா வலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பார்த்தவன் யாரு என்று அவர் கேட்கவில்லை. நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னார். பழைய ஏட்டு என்று தெரிந்து, மரியாதையாகவே சொன்னார்.

திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் தென்காசி பஸ்ஸுக்கு நின்றோம். ஏட்டையா போனை எடுத்து வக்கீலம்மாவைக் கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு பஸ் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டேம்மா... கையெழுத்துப் போடுதேங்கான். வருசம் கொறைக்க மட்டும் போடுங்க... இல்ல, அது வேண்டாம். அங்கனதான் இருந்தான்னே போட்டுருங்க... என்னது? கேக்கலயா? அங்கனதாம்மா இருந்தான்! என் தம்பி! அங்கனதான் நின்னான்!"

டிக்கெட் வாங்க நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போனை மடியில் சொருகிக்கொண்டு, பஸ் எந்தப் பக்கம் வரும் என்று என்னிடம் கேட்டார்.